நண்டுப் படத்தில் ஓடிய சின்னம்மா

மகன்,

நீ உன் நண்டுப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கக் கனடாவுக்குப் போகிறாய் என்ற செய்தியை அப்பா ஒரே காலையில் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். மீன் வாடியில் சொன்னார், மாதா கோயில் வாசலில் பாதரை மறித்துச் சொன்னார், றெயிலுக்குக் காத்து நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னாராம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது, கூட்டக் கூட்ட வீட்டுக்குள் மணல் வந்துகொண்டே இருக்கிறது. தைக்கக் கொடுத்த பள்ளிக்கூடச் சட்டைகள் வெட்டியபடி மேசையில் கிடக்கின்றன. மெசினில் காலை வைக்கிறேன், எடுக்கிறேன், கேற்றடிக்குப் போய் ரோட்டைப் பார்க்கிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ “மீற்றிங்கில நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்” என்பாய். அதனால் எழுதுகிறேன். நீ மட்டும் வாசிக்க வேண்டும் என்று மூடி அனுப்பவில்லை. உன் படத்தைப் பற்றி உலகத்தில் இருக்கிற எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் படத்துக்கு உடுப்புத் தைத்தவள் நான். நானும் எழுதுகிறேன், வாசிக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக, நீ திரும்ப எடுத்த அந்தப் பழைய படத்தில் இருந்தே தொடங்குகிறேன். அது அக்கரையில், இந்தியாவில், எப்போதோ எடுத்த படம். கடலுக்குள் இருந்து வீட்டளவு நண்டு ஒன்று எழும்பி வரும், பாலத்தை முறிக்கும், கப்பலைக் கவ்வும், சனம் அலறிக்கொண்டு ஓடும். நாங்கள் சண்டைக்குப் பயந்து வள்ளமேறி மண்டபம் அகதி முகாமில் போய் இருந்த காலத்தில், யாரோ டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து அதைப் போட்டார்கள். நண்டின் வயிற்றுக்குக் கீழே மாட்டுவண்டிச் சில்லுத் தெரிந்தது. ஒரு பெடியன் அதைக் காட்டிக் கத்த, முகாமே விழுந்து விழுந்து சிரித்தது. அவ்வளவு நாளும் சிரிக்காத முகங்களை அன்றைக்குத்தான் நான் சிரித்துக் கண்டேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் பட்டாளம் அந்த நண்டைச் சுட்டபோது என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாய். ஏனடா அழுகிறாய் என்று கேட்டதற்கு, அதற்கு வழி தெரியாமல் வந்துவிட்டது, திரும்பிப் போகத் தெரியவில்லை என்றாய். அந்தப் படத்தைத் திரும்ப எடுப்பதற்கு நீ எத்தனையோ பேட்டிகளில் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

பழைய படத்தின் உரிமையை வாங்கிய கம்பனி உன்னை இயக்கச் சொல்லிவிட்டது என்று நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது, அப்பா பிளேன்ரீக் கோப்பையை வைத்துவிட்டு உன்னை ஏற இறங்கப் பார்த்தார். “நண்டப் பாத்து ஆர் தம்பி பயப்பிடப் போகினம்? நாங்கள் ஒவ்வொரு நாளும் அதைத்தானே தின்னுறம்” என்றார். நீ கோபிக்கவில்லை. கோயில் கோபுரத்தை விட உயரமான நண்டு, ஒவ்வொரு மயிரும் தெரியும், கண் உருளும் என்று கையை விரித்துக் காட்டினாய். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நீ எடுத்த போன்களில் எல்லாம் சண்டைதான் கேட்டது. கம்பனிக்காரர் ஏதோ ஒரு ஊரில் பச்சைத் துணி கட்டிய கொட்டகைக்குள் முழுவதையும் எடுத்துவிடலாம் என்றார்கள். நீ நம்முடைய தலைமன்னார் இறங்குதுறையில், பியரடியில்தான் எடுப்பேன் என்று நின்றாய். நண்டு பக்கவாட்டில் நடந்தால் சனம் சிரிக்கும், நேரே நடக்கவிடு என்று அவர்கள் கேட்டார்கள். அதை நீ விட்டுக்கொடுத்து ஊரை வாங்கினாய். அதில் நீ செய்தது சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து செய்கிற வேலையில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. எதை விடுகிறோம் என்று மட்டும் விடும்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விட்டதுதான் பிறகு வந்து குத்தும்.

ஓடுகிற சனமாக ஊர்ச்சனத்தையே பிடித்தாய். உடுப்புப் பொறுப்பு எனக்கு. புதுத் துணியைத் தைத்து, உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டு, கல்லில் உரஞ்சிப் பழசாக்கினேன். வாழ்நாள் முழுக்கப் பழசைப் புதுசாக்கிக் கொடுத்த கைக்கு அது பெரிய வேடிக்கை. உன் சின்னம்மா ரெஜினாவும் வந்தாள். என் கூடப்பிறந்த தங்கச்சி. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் அக்கரைக்குப் போனபோது அவள் வரவில்லை, பெருநிலப்பக்கம், வன்னிக்குக் கலியாணம் கட்டிப் போனாள். கடைசிச் சண்டையில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, புருசன் செல் குண்டு பட்டுச் செத்துப்போய், தனியாளாகத் திரும்பி வந்தாள். இப்போது எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. படப்பிடிப்புக்கு வரச்சொல்லி நீ கேட்டவுடனேயே அவள் ஒப்புக்கொண்டது எனக்கு அதிசயமாக இருந்தது. பண்டிகைக்கு வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் அதைக் கழற்றிவைத்து நைந்ததைக் கட்டச் சொல்ல, படத்தில் வருவதற்கும் பிச்சைக்காரி மாதிரித்தான் வரவேண்டுமா என்று சண்டை பிடித்தாள்.

அந்தக் காலையை நீ மறந்திருக்கமாட்டாய். பியரடி முழுக்கச் சனம். நண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெடியன் நீள மூங்கிலின் நுனியில் மஞ்சள் பந்து ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுதான் நண்டின் கண், எல்லோரும் அதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டும் என்று நீ ஒலிபெருக்கியில் சொன்னாய். முதல் தரம் ஓடியபோது பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். அடுத்த தரம் ஊரில் அலைகிற நம்முடைய கழுதைகள் குறுக்கே வந்தன. உன் ஆட்கள் துரத்தத் துரத்த அவை திரும்ப வந்து நின்று ஏதோ மென்றன. பிறகு நீ புகை போடச் சொன்னாய், நண்டின் சத்தத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாய், மேலிருந்து எடுப்பதற்கு அந்த ட்ரோனை ஏற்றினாய். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். ரெஜினா மட்டும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். அங்கே வன்னிக்குள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த வேவு விமானத்தைச் சனம் வண்டு என்று சொல்வார்களாம். அது சுற்றினால் கொஞ்சத்தில் செல் விழுமாம். அதை அவள் எனக்குச் சொன்னது பிறகுதான்.

நீ தொடங்கச் சொன்னாய், சனம் ஓடியது. நீ நிறுத்தச் சொன்னாய், சனம் நின்றது. அவள் நிற்கவில்லை. ஒரு கையை இறுக்கிப் பொத்திக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கரையோடு ஓடினாள். வாய்விட்டு ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். நான் இடுப்பில் குத்தியிருந்த ஊசிகளோடு அவளுக்குப் பின்னால் ஓடினேன். எட்டிப்பிடிக்க முடியவில்லை. கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளம் ஒன்றுக்கு மறைவில் மணலில் குந்தியிருந்தாள். நீயும் ஓடிவந்தாய். அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து “சின்னம்மா, நான்தான், பாருங்கோ, ஒண்டுமில்லை” என்றாய். அவள் உன்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன்னுடைய கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நீ அதற்குமேல் படம் பிடிக்கவில்லை. அந்த ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாய். உன்னோடு வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். நீ அவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை.

படத்தை வெட்டி ஒட்டுகிற காலத்தில் நீ அவளுக்குப் போன் எடுத்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் ஓடியது கமராவில் விழுந்துவிட்டது, அவள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று நீ கேட்டதாகச் சொன்னாள். அவள் கனநேரம் யோசிக்கவும் இல்லை. “இருக்கட்டும் தம்பி. போடு” என்றாள். போனை வைத்தபிறகு என்னிடம், படம் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போகும் என்று கேட்டாள். எல்லா நாட்டுக்கும் போகும் என்றேன். கனடா, லண்டன், இந்தியா எல்லாமா என்று திரும்பக் கேட்டாள். ஓம் என்றேன். ஏன் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. படத்தில் வருவதைப் பற்றி அவளுக்கு ஒரு புளுகம், ஒரு சந்தோசம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

படம் வெளிவந்த கிழமை முழுக்க அப்பா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்ததை எல்லாம் வாசித்தார். பழைய படத்தின் ரசிகர்களாம், சில்லு வைத்த நண்டிடம் இருந்த உயிர் இதனிடம் இல்லை என்று எழுதினார்கள். நேரே நடக்கிற நண்டை எந்தக் கடலில் பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். அந்த அளவு நண்டைக் கறி வைப்பதற்கு எத்தனை தேங்காய் துருவ வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது. எல்லோரும் உயிருக்கு ஓடும்போது பின்னால் ஒரு கழுதை ஆறுதலாக மென்றுகொண்டு நிற்பதைப் பெரிதாக்கிப் போட்டு, படத்தில் நன்றாக நடித்தது இது ஒன்றுதான் என்றார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வெளிக்கிட்டார். எழுத்துப்பிழையையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று சொல்லி நான் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்தேன். ஆனால் அவ்வளவு திட்டினவர்களும் ஒரு இடத்தில் நின்றார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி கரையோடு ஓடுகிற அந்த ஒரு காட்சிக்காக முழுப்படத்தையும் மன்னிக்கலாம் என்று எழுதினார்கள். சத்தமே இல்லாமல் வாய் மட்டும் அசைகிற அந்த அலறலை இயக்குநரின் மேதைமை என்று ஒருவர் எழுதியதை அப்பா எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். சத்தமே இல்லாமல் என்ற சொல் அப்போது என் காதில் ஏறவில்லை.

பிறகு நீ ஊருக்கென்று தனியாகப் போட்டுக்காட்டப் படத்தை அனுப்பினாய். பின்நேரப் பூசை முடிந்தபிறகு கோயில் மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டார்கள். பேசாலையில் இருந்தும் சனம் வந்தது, பள்ளிவாசல் பக்கத்துச் சனமும் வந்தது, கதிரை போதாமல் சிறுவர்கள் நிலத்தில் இருந்தார்கள். தன்னைத் தானே திரையில் கண்டவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நண்டு நேரே நடந்தபோது பிள்ளைகள் கூக்காட்டினார்கள். கழுதைக்கு விசில் அடித்தார்கள். அப்பா பெருமையும் வெட்கமுமாக நெளிந்துகொண்டு இருந்தார். ரெஜினா அந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவள் ஓடுகிற இடம் வந்தது. திரையில் அவளுடைய முகம் மண்டபச் சுவரளவு. வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. பின்னால் ஒரு வயலின் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ரெஜினா அழவில்லை. கதிரை நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, காதைத் திரைக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். அந்தக் காட்சி போய், நண்டு செத்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, சனம் எழும்பிப் போகத் தொடங்கியபிறகும் அவள் அப்படியே இருந்தாள்.

என்னடி என்று தோளைத் தொட்டேன். “நான் கூப்பிட்டது கேக்கேல்ல அக்கா” என்றாள். “பேர் கேக்கேல்ல.”

அவள் கூப்பிட்டது டிலானியை. அவளுடைய மகள். கடைசியாக இடம்பெயர்ந்து ஓடின சனநெரிசலில் கையை விட்ட பிள்ளை. பிணமாகவும் கிடைக்கவில்லை, உயிரோடு இருப்பதாகவும் ஒருவரும் சொல்லவில்லை. போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை, காட்டாத படம் இல்லை. நீ படத்தில் போடவா என்று கேட்டபோது அவள் ஓம் என்றது தன் முகத்துக்காக இல்லை, மகன். எல்லா நாட்டுக்கும் போகிற படத்தில் அந்தப் பெயர் ஒருதரம் உரக்கக் கேட்கட்டும் என்று ஓம் என்றாள். எங்கேயாவது, யாருடைய வீட்டிலாவது, வளர்ந்த பெண் ஒருத்தி இருந்து பார்ப்பாள் என்று அவள் நினைத்தாளா, அதை நான் கேட்கவில்லை. கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

அடுத்த நாள் காலையில் உனக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நீ சொன்னது என் காதுக்குள்ளேயே இருக்கிறது.

“சத்தத்த எடுத்தது நான்தான் அம்மா. கம்பனி இல்லை. தியேட்டருக்குள்ள இருந்து அதைக் கேட்டா சின்னம்மா தாங்கமாட்டா எண்டு நினைச்சுத்தான் எடுத்தனான்.”

உன்னில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்துத்தானே நாங்கள் அத்தனை பேரும் இவ்வளவு காலமும் அவள் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தோம். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவளிடம் கேட்காமலே முடிவெடுத்துவிட்டோம். நீ இனிமேல் எத்தனையோ பேருடைய முகத்தைப் படம் பிடிப்பாய். முகத்தைத் தருவீர்களா என்று கேட்கிற உனக்கு, அவர்கள் அதை எதற்காகத் தருகிறார்கள் என்றும் கேட்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்த புத்தி.

நீ திருத்தினாய். அதை மறைக்காமல் எழுதவேண்டும். வீடுகளில் போட்டுப் பார்க்கிற பதிப்பு வருவதற்கு முன் கம்பனியோடு மல்லுக்கட்டி, வயலினை எடுத்துவிட்டு, அவளுடைய குரலை அப்படியே வைத்தாய். நான் என் போனில் அதைப் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு எழும்பிப் போய், முற்றத்தில் காய்ந்த உடுப்புகளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, இரவைக்கு எங்களோடு சாப்பிடுவதாகச் சொன்னாள். புட்டும் மீன்சொதியும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிலானிக்குப் புட்டு என்றால் பிடிக்காது என்று அவளாகவே சொன்னாள். அப்பா குனிந்து சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். நான் பிறகு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். கை காயும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் நடந்து முடிந்தது என்று நான் ஆறியிருந்தபோதுதான் இந்தப் புதுக் கதை. டிலானி என்று படத்தில் ஒரு பாத்திரமே இல்லையே, அந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எழுதுகிறார்களாம். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, சத்தம் சிக்கிக்கொண்டு நிற்கிறது, இதைக்கூடக் கவனிக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று சிரிக்கிறார்களாம். பிழை என்று ஆட்கள் சொல்வதால், மற்ற மொழிகளுக்கு மாற்றும்போது அதை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஒருதரம் மட்டும் வைக்கலாம் என்று கம்பனி கேட்கிறதாம். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். “பாப்பம் அம்மா” என்றாய். அந்தப் பாப்பம்தான் என்னைக் கதிரையில் இருக்கவிடவில்லை. போகிற அவசரத்தில், இரண்டாம் பாகத்துக்கு அவர்களுடைய தயவு வேண்டும் என்ற யோசனையில், நீ இதையும் ஒரு நண்டு நடையாக நினைத்து விட்டுக்கொடுத்துவிடுவாயோ என்று பயந்தேன்.

இன்றைக்குக் காலையில் வேலியைத் தாண்டிப் போய் அவளிடமே சொன்னேன். மறைத்து வைத்தது போதும் என்று தோன்றியது. அவள் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். டிலானி யாரென்று கேட்கிறார்கள் என்றேன். பிழை என்று சொல்கிறார்கள் என்றேன். ஒரே பெயரை இத்தனை தரம் எதற்கு, ஒருதரம் போதாதா என்று கேட்கிறார்கள் என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய கத்தி நின்றது. பிறகு அவள் சிரித்தாள், மகன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, பல் தெரியச் சிரித்தாள்.

“அவள் எப்ப அக்கா ஒருக்காக் கூப்பிட்டு வந்தவள்? தொண்டை கிழியக் கத்தினாத்தானே திரும்பியே பாப்பாள்.”

கம்பனிக்காரருக்கு இதைச் சொல். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அம்மா